மூக்குக் கமிட்டி

தொழிற்சாலைக்கு முன்னாலேயே அதன் படம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, பின்னாலிருந்த மாடி வீட்டையே மறைக்கிற அளவுக்குப் பலகை. கச்சா எண்ணெயைக் காய்ச்சி பிளாஸ்டிக்கும் உரமும் பெயின்ட்டும் செய்யப்போகிற பெரும் தொழில் மண்டலமாம். படத்தில் பச்சை மரம், நீலத் தண்ணீர், பலூன் பிடித்த ஒரு குழந்தை. புகைபோக்கியைத்தான் காணோம். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊரே அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். கொடுக்கவும் செய்தார்கள், பொய் சொல்லக் கூடாது. குழி தோண்டுகிற வேலை, தோண்டிய குழியை மூடுகிற வேலை, சுற்றிலும் வேலி கட்டுகிற வேலை. வேலி முடிந்த அன்று, கட்டினவர்களை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே பூட்டிக்கொண்டார்கள்.

நான் லாரி ஓட்டினவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. பெரிய எழுத்தில் எது எழுதியிருந்தாலும் நான் நம்புவதில்லை. சின்ன எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது.

தொழிற்சாலையின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்ததும் நாற்றம் வந்தது. அழுகின முட்டையையும் எரிந்த செருப்பையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டின மாதிரி. சாயங்காலமானால் தெருவில் இறங்கும். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, துவைத்து மடித்த துணிமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஊர் கத்தியது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. உடனே ஒரு குழு போட்டது.

'பொதுமக்கள் கூட்டு முகர்வுக் குழு' என்று அதற்குப் பெயர். எங்கள் வாயில் அது மூக்குக் கமிட்டி. தெருவுக்கு ஒரு ஆள். சாயங்காலம் வாசலில் காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். மூன்று தரம் மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு கம்பெனிப் பெண் போனில் கேட்பாள், மார்க் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் சுத்தம், ஐந்து என்றால் வாந்தி.

பெட்டிக்கடைக்காரர் தினமும் பூஜ்யம்தான் போடுவார். கம்பெனி கேன்டீனுக்கு பிஸ்கட் அவர் கடையிலிருந்துதான் போகிறது. சலூன்காரரின் மூக்கு, நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து வேலை செய்யும். நான் எப்போதும் நாலு. அதனால் ஊரில் என் பெயரே 'நாலு மார்க்' என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாங்கினதும் அதுதான், அதனால் எனக்கு வருத்தமில்லை.

என் மாப்பிள்ளைக்குத்தான் வருத்தம். அவரும் என் மகளும் பேத்தியும் என்னோடுதான் இருக்கிறார்கள். அவர் இரண்டாவது யூனிட்டில் கான்ட்ராக்ட் ஆள். மூன்றாவது யூனிட்டுக்கு அனுமதி கிடைத்தால் அவரை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நிரந்தரம் ஆனவர்களுக்குக் குன்றுக்கு அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ் உண்டு. கம்பெனிக் காற்று அந்தப் பக்கம் போவதில்லை. நாற்றத்தைச் செய்கிறவர்களுக்கு மட்டும் நாற்றமில்லாத வீடு. பேத்திக்கு மூச்சிழுப்பு. டாக்டர், காற்று மாற்றமான இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அனுமதிக்கு முன்னால் ஊர்க் கருத்துக் கேட்பு நடத்துவதாக அறிவித்தார்கள். அதில் முதல் காரியமே, மூக்குக் கமிட்டி எல்லோர் முன்னிலையிலும் மைக்கில் மார்க் சொல்வது.

"மாமா, ஒரே ஒரு நாள். பூஜ்யம்னு ஒரு வார்த்தை. உங்க சொத்தையா எழுதிக் குடுக்கச் சொல்றேன்?" என்றார் மாப்பிள்ளை.

"சொத்து இருந்தா குடுத்திருப்பேன் மாப்ள. மூக்கு ஒண்ணுதான் இருக்கு."

"மேனேஜரே கூப்பிட்டுக் கேட்டாரு. 'நாலு மார்க் உங்க மாமனாராமே'ன்னு. என் மானமே போச்சு."

"அவரு மூக்கு எத்தனை போடுதாம்?"

"அவரு ரூம்ல ஏசி மாமா."

மகள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அப்பா, உங்க வீம்பை நீங்களே வச்சுக்கங்க. பாப்பா நெஞ்சு விசிலடிக்குதே, அது விழலையா உங்களுக்கு? மூக்கு மட்டும்தான் வேலை செய்யுதா, காது செத்துப்போச்சா?"

நாற்றம் இல்லை என்று சொன்னால்தான் நாற்றம் இல்லாத வீடு. இந்தத் திட்டத்தைப் போட்டவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

அந்த வாரமே கம்பெனி ஊருக்கே பாதுகாப்புப் பயிற்சியும் கொடுத்தது. ஹெல்மெட் போட்ட ஒரு ஆபீசர் வந்து, எல்லோருக்கும் ஒரு தொப்பி கொடுத்துவிட்டுப் பேசினார்.

"இங்க வர்ற வாயு அழுகின முட்டை மாதிரி நாறும். நாறினா பயப்படாதீங்க. நாத்தம் திடீர்னு நின்னாத்தான் பயப்படணும். வாயு ஏராளமா வந்துட்டா முதல்ல சாகறது மூக்குதான்."

"அப்புறம்?" என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா.

"அப்புறம் நீங்க."

"ஐயோ, நாங்க என்னய்யா பண்றது?"

"யோசிக்கவே கூடாதும்மா. ஓடணும்."

கருத்துக் கேட்பு அன்று காலையிலிருந்தே ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. டீ, டீ மாதிரியே இருந்தது. பேத்தி வெயில் ஏறியும் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. மாப்பிள்ளை முந்தின நாள் ஷிப்டுக்குப் போனவர் வீடு திரும்பவே இல்லை. என்ன குறைகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மேடையில் அரசு அதிகாரி, பக்கத்தில் பெரிய மேனேஜர், ஹெல்மெட் ஆபீசர். மாப்பிள்ளை கண் சிவந்துபோய், கம்பெனிச் சட்டையோடு தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பெட்டிக்கடைக்காரர் மைக்கைத் தொடும் முன்பே "பூஜ்யம்" என்றார். சலூன்காரர் மேடையைப் பார்த்தார், பூஜ்யம் என்றார். அவர்கள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முடிவு செய்துகொண்டுதான் மைக்குக்குப் போனேன். நாலு. மகள் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் நாக்கு புரண்டுவிடும். முறைப்படி மூச்சை இழுத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாம் தரம் இழுத்தேன், தரை துடைத்த பினாயில். மூன்றாம் தரம், அதிகாரி தலையில் தடவியிருந்த எண்ணெய். எனக்கே அவமானமாகிவிட்டது. விதியில் இல்லாத நாலாவது மூச்சையும் இழுத்துப் பார்த்தேன். துடைத்து வைத்தது போலிருந்தது காற்று.

"பெரியவரே, மார்க்?" என்றார் அதிகாரி.

இருப்பதைத்தானே சொல்ல முடியும். "பூஜ்யம்" என்றேன்.

மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். மகள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார்.

"என்னது, நாலு மார்க்கே பூஜ்யம்னுட்டாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஹால் முழுக்க ஒரே சமயத்தில் மூக்கை இழுக்கிற சத்தம் கேட்டது. தையல்காரம்மா தலையிலிருந்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயையோ, ஆமா! நாத்தமே இல்லையே! வந்துடுச்சுடீ, வாயு வந்துடுச்சு!"

பயிற்சி வீண்போகவில்லை. யாரும் யோசிக்கவில்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன, வேட்டிகள் அவிழ்ந்தன. ஹெல்மெட் ஆபீசர்தான் முதல் ஆளாக ஓடினார், பாடம் நடத்தினவர் அல்லவா. அதிகாரி ஜன்னலில் ஒரு காலைப் போட்டுவிட்டார். இருப்பது ஒரே கதவு, அதிலும் ஒரு பக்கம் தாழ்ப்பாள். மொத்தக் கூட்டமும் அங்கே போய் அடைத்துக்கொண்டது. அந்த நெரிசலுக்கு நடுவில் என் மகள், பேத்தியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

மாப்பிள்ளை பாட்டில்களைப் போட்டுவிட்டு மேஜைமேல் ஏறினார். என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஓடாதீங்க! நில்லுங்க! வாயு ஒண்ணும் கிடையாது! கவர்மென்ட் ஆபீசர் வர்றாருன்னு நாங்கதான் பிளான்ட்டை நிறுத்தி வச்சிருக்கோம்!"

கூட்டம் நின்றது. பேத்தி கீழே இறங்கினாள். ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த அதிகாரி அப்படியே திரும்பினார்.

"நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளை மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா சார். ராத்திரி பூரா கண்ணு முழிச்சு நிறுத்தினோம். நீங்க கார் ஏறினதும் மறுபடி ஓட்டணும்."

யாரையும் நம்பாத எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. பிடித்தான்டா, இன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் மாட்டினார்கள் என்று நினைத்தேன். அதிகாரி காலை உள்ளே எடுத்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"சரி, அடுத்தது யாரு?" என்றார்.

இரண்டு நாளில் பிளான்ட் மறுபடி ஓடி, நாற்றம் திரும்பி வந்தது. தையல்காரம்மா வாசலில் நின்று ஆசைதீர இழுத்துவிட்டு, "அப்பாடா, வந்துடுச்சு. இனி நிம்மதியாத் தூங்கலாம்" என்று உள்ளே போனாள். மாப்பிள்ளையை இனிமேல் வரவேண்டாம் என்று ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்கள். கம்பெனி ரகசியத்தை மைக்கில் சொன்னாராம்.

மூன்றாவது யூனிட்டுக்கு அனுமதியும் வந்தது. பொதுமக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டு பெருந்திரளாகக் கலைந்தார்கள், எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை என்று அதில் எழுதியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நாற்றம் திடீரென்று நின்றால் மக்கள் பீதியடைகிறார்கள், ஆகவே முன்னறிவிப்பு இல்லாமல் நாற்றத்தைக் குறைக்கக் கூடாது. என்னைக் கமிட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள். திடீரென்று நாலிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிற மூக்கை நம்ப முடியாதாம். பெட்டிக்கடைக்காரர் இப்போது தலைவர்.

மகள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசினதும் முதலில் கேட்டது இதைத்தான்:

"வழக்கம்போல நாலுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா இவரு வேலையாவது மிஞ்சியிருக்கும்ல?"

"நீதானேம்மா பூஜ்யம் சொல்லச் சொன்ன?"

"நான் பொய் சொல்லச் சொன்னேன். உங்கள யாரு நிஜத்தச் சொல்லச் சொன்னது?"

மாப்பிள்ளை பேத்தியைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் நெஞ்சு விட்டுவிட்டு விசிலடித்தது.

"சண்டையை அப்புறம் வச்சுக்கங்க," என்றார். "மாமா, அந்தக் கதவைச் சாத்துங்க. காத்து இந்தப் பக்கம் திரும்புது."