நாத்தனாருக்காகத் துருவியது

புனித வெள்ளியன்று காலையில் மண்வெட்டியோடு ரயில் பாதையோரப் பள்ளத்தில் இறங்கினாள் போகுமிலா. ஈஸ்டர் முட்டைக்குத் தொட்டுக்கொள்ளத் துருவி வைக்கும் குதிரைமுள்ளங்கி அவள் வீட்டுத் தோட்டத்திலேயே கொத்துக்கொத்தாக நின்றது. ஆனால் அது ஆண்டுதோறும் கொத்திக் கிளறும் மண்ணில் சொகுசாக வளர்ந்தது. யாரும் தொடாத இடத்தில், கல்லோடு மல்லுக்கட்டிக் கிடக்கும் கிழட்டு வேரில்தான் அசல் காரம் இருக்கும். கணவனின் தங்கை கிராஜினாவுக்கு இந்தத் தடவை அதுதான் லாயக்கு.

போன ஈஸ்டரன்று உறவு மொத்தமும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, கிராஜினா அந்தத் துருவலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணி, இதப் பல்லு முளைக்காத புள்ளைக்குக்கூட ஊட்டலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். போகுமிலாவின் கணவன்தான் அதிகம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் ஓர் ஆண்டாகப் புளித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து வைத்துத் துருவினாள். துருவிய கையோடு வினிகர் ஊற்றினால் காரம் அத்தோடு அடங்கிவிடும். ஊற்றாமல் விட்டால் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக உடனே ஊற்றிவிடுகிறவள், இந்த முறை கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி வாசலில் போய் நின்றாள். திரும்பி வந்து திறந்தபோது மூக்கில் ஊசி இறங்கியது. "வாடி மகளே" என்று தனக்குள் சிரித்துக்கொண்டுதான் வினிகரை எடுத்தாள். மறுநாள் முட்டை, ரொட்டி, உப்போடு அதையும் கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். மந்திரித்த பண்டத்தை வேண்டாமென்று ஒதுக்க யாருக்கும் துணிவு வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஈஸ்டர் காலையில் டவுனிலிருந்து கிராஜினா பின்னல் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். வெளியே நல்ல வெயில். உடம்பு வேறு இளைத்திருந்தது. டவுனுக்குப் போனால் எல்லாம் மினுக்குத்தான் என்று போகுமிலா நினைத்துக்கொண்டாள். முட்டையைப் பகிர்ந்ததும் நாத்தனார் தட்டில் துருவலைக் கரண்டி நிறைய வைத்தாள்.

கிராஜினா மொத்தத்தையும் வாயில் போட்டாள். முகம் சிவந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே மேஜை விளிம்பைப் பிடித்தாள். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவள் தொப்பியைக் கழற்றி அதாலேயே முகத்தைத் துடைத்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

சிரிப்பு நின்றது.

"மார்ல கட்டி. கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேருந்து மருந்து ஏத்துறாங்க. பண்டிகை கழியட்டும்னுதான் சொல்லல" என்றாள் கிராஜினா. பிறகு போகுமிலா பக்கம் திரும்பினாள். "எதத் தின்னாலும் மண்ணு மாதிரி இருந்துச்சு அண்ணி. இன்னிக்குத்தான் எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது. எனக்குன்னுதானே இவ்வளவு காரமாப் பண்ணீங்க?"

"ஆமா" என்றாள் போகுமிலா.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கிராஜினா எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, அண்ணியின் கன்னத்தில் அழுத்தி முத்தம் கொடுத்தாள். உதட்டில் ஒட்டியிருந்த காரம் பட்டுக் கன்னம் எரிந்தது. போகுமிலா அதைத் துடைக்கவில்லை.