அரை மூட்டை

விடிவதற்கு முன்பே அந்தக் கலவை மிஷினோடு மல்லுக்கு நிற்க வேண்டும். கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றினால் இன்ஜின் முதலில் இருமும், பிறகு கறுப்பாகத் துப்பும், அப்புறம்தான் ஓடலாமா என்று யோசிக்கும். பிடியை உருவ இமைப்பொழுது தாமதித்தாலும் எதிர்ச்சுற்றில் அடித்து மணிக்கட்டைப் பெயர்த்துவிடும். முன்னால் இருந்த ஆள் இடது கையால் பீடி பற்றவைக்கப் பழகியது அப்படித்தான். அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தபோது தெருவே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. மறுநாளே மிஷின் அவள் சொல்பேச்சு கேட்டது. புருஷன்தான் கேட்காமல் ஓடிப்போனான் என்பார்கள்; வம்பு நமக்கெதற்கு. அன்றிலிருந்து அவள் பெயர் மிஷின்காரி.

அன்றைக்குத் தளம் போடும் நாள். கிழக்கு வெளுப்பதற்குள் ஜல்லியும் மணலும் குவிந்துவிட்டன. மிஷினிலிருந்து சாரத்தின் உச்சிவரை வரிசை நின்றது. பாண்டு என்கிற கலவைச் சட்டி வந்தால் வாங்கி அடுத்த கையில் கொடுக்க வேண்டும். திரும்பிப் பார்க்க நேரமில்லை. சிமெண்டு தின்ற விரல்கள், வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தன.

கலவைக் கணக்கு யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. சிமெண்டு ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு. டிரம்முக்கு ஒரு மூட்டை. வீடு கட்டச் சொன்னவர் வாங்கிப் போட்டதும் அந்தக் கணக்குக்குத்தான். காண்ட்ராக்டர் அதை அரை மூட்டையாக்கினார். மிச்ச அரை எங்கே போனது என்று அறிய ஆசைப்படுகிறவர்கள், ஊருக்கு வெளியே அவருடைய இரண்டு மகள்களுக்கும் எழும்பும் இரண்டு மாடிகளைப் போய்ப் பார்க்கலாம். அங்கே மட்டும் கலவையில் ஒரு பிடி குறைந்ததில்லையாம். பெற்ற பாசம்.

அரை மூட்டைக் கலவை சொரசொரவென்று முரண்டு பிடிக்கும். தண்ணீரைத் தாராளமாக விட்டால் சேறுபோல் ஓடும்; பரப்புகிறவர்களுக்கு முதுகு மிச்சம். "இன்னும் கொஞ்சம் விடு தங்கச்சி, வழுக்கிக்கிட்டு ஓடட்டும்" என்று முன்பு இதே வீட்டின் போர்டிகோ போட்டபோது மேலிருந்து அதிகம் கத்தியது, மிஷின்காரியின் சொந்த அண்ணன், கம்பி கட்டுகிறவன்தான்.

அவன்மேல்தான் போர்டிகோ விழுந்தது. முட்டுக்கம்பத்தை உருவியதும் காய்ந்த மண்ணாங்கட்டிபோல உதிர்ந்து இறங்கியது. அவன் கட்டிய கம்பி மட்டும் ஒரு முடிச்சு அவிழாமல் அந்தரத்தில் நின்றது. கீழே அவனுடைய ஒரு கால் கூழாகிக் கிடந்தது. இன்னொன்றை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டிய மிஷின்காரிக்கு நகம் பெயர்ந்ததே மறுநாள்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே காண்ட்ராக்டர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"என் சிமெண்டு மேல என்ன குத்தம்? அளவு தெரியாம தண்ணி ஊத்துனவ அவ. அண்ணன் காலைத் தங்கச்சிதான் முறிச்சா."

அது அண்ணியின் காதில் போய்த் தங்கியது. அதற்குப்பிறகு தகரக் கொட்டகையில் இருவருக்கும் ஒரே அடுப்புதான். பேச்சு மட்டும் இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பாள். தளம் போடும் அன்றைக்கும் வரிசையில் முதல் ஆளாக, மிஷினுக்கு ஒட்டி நின்றவளும் அவள்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தாள்.

இந்தத் தளம் காய்ந்ததும் கம்பங்களை உருவப்போவது இதே ஆட்கள். மழைக்காலத்தில் இதன் கீழேதான் பிள்ளைகளோடு பாய் விரிப்பார்கள். மிஷின்காரி இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடந்தாள். காலையில் மூட்டையைக் கிழித்தாள், முழுதாகக் கவிழ்த்தாள்.

சூப்பர்வைசர் ஓடி வந்தான். காண்ட்ராக்டருக்கு மச்சான், அக்காவின் நச்சரிப்பால் கிடைத்த உத்தியோகம். மட்டம் பார்க்கும் குழாயை வைத்து அவன் மட்டம் பார்த்ததை யாரும் கண்டதில்லை. முதுகுகள் மட்டும் கண்டிருக்கின்றன.

"அரை மூட்டைன்னு சொன்னேன்ல?"

"காதுல விழுந்துச்சு. கைக்குத்தான் எட்டல."

குழாய் சுழன்று வந்து வாயில் விழுந்தது. உதடு பிளந்தது. அடுத்தது கழுத்தில். மயிரைப் பிடித்து மிஷின்மேல் மோதினான். ஒரு பல் டிரம்முக்குள்ளேயே போயிருக்கலாம், தேடியவர் இல்லை. அவள் கையால் துழாவி டீசல் குழாயைப் பிடுங்கினாள். இன்ஜின் விக்கி நின்றது. கீழே கிடந்த கைப்பிடியை எடுத்து, பக்கத்தில் நீண்டிருந்த கையில் கொடுத்தாள்.

அண்ணி அதை வாங்கினாள். வாங்கி அடுத்த கையில் கொடுத்தாள். பழக்க தோஷம்தான், கைக்கு வந்ததைக் கடத்துவது தவிர அந்த வரிசைக்கு வேறென்ன தெரியும்? பாண்டு என்று நினைத்தே பாதிப் பேர் கடத்தினார்கள். கையில் இறங்கிய கனம் பாண்டின் கனமில்லை என்று உறைத்தபோது கைப்பிடி சாரத்தில் ஏறிவிட்டது.

"பிடி எங்கடா?" என்று மச்சான் வரிசைக்குள் புகுந்தான். எதிர்ப்பட்ட ஆளைத் தொடையில் அடித்தான். "எனக்குத் தெரியாதுங்க." அடுத்தவனின் விலாவில் மண்வெட்டிக் காம்பை இறக்கினான். "இப்பத்தான் இருந்துச்சு, இப்பக் காணோம்" என்றான் அவன், ரத்தம் துப்பிக்கொண்டே. மூன்றாவது ஆள் தும்மினான். அதற்கும் ஒரு அடி.

அதற்குள் காரில் வந்து இறங்கிய காண்ட்ராக்டர் முதலில் டிரம்மைத்தான் பார்த்தார்.

"டிரம்மு நிறையக் கலவை இருக்கு. வெயில் ஏறுனா கல்லாயிடும். என் மிஷினு என்னாத்துக்கு ஆகும்? யாருடி நிறுத்தச் சொன்னது?"

"கால் போன ஆளு."

"நீ தண்ணி ஊத்தி முறிச்ச காலு."

மிஷின்காரி வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினாள். "ஊத்துனது நான்தான். எங்கண்ணன் கேட்டுச்சு, ஊத்துனேன். முதுகுவலிக்குப் பயந்து எல்லாருமே கேட்டோம். அது எங்க தப்பு, நாங்க சுமக்கிறோம். அரை மூட்டை யாரு தப்பு? இவங்க முன்னாடி உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு முழு மூட்டை போடுங்க. மிஷினு ஓடும்."

"சொல்லலேன்னா?"

"கலவைக்குக் காது கிடையாதுங்க. அது பாட்டுக்கு இறுகும்."

அவர் கண்ணைக் காட்டினார். மச்சான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஓங்கினான். இம்முறை காம்பு அல்ல, தகடு. அது இறங்குவதற்குள் ஒரு பாண்டு ஈரச் சிமெண்டு அவன் முகத்தில் அறைந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு புரண்டான். "தண்ணி, தண்ணி" என்று அலறினான்.

வெறும் பாண்டோடு நின்றது அண்ணி.

"ஊத்தலாம். அளவு தெரியாம ஊத்திட்டேன்னு அப்புறம் சொல்லுவாங்களே" என்றாள். ஆனாலும் வாளியை அவன் பக்கம் காலால் தள்ளிவிட்டாள்.

காண்ட்ராக்டர் சாரத்தை அண்ணாந்து பார்த்தார். கைப்பிடி வரிசையின் கடைசியில், மேஸ்திரியின் கையில் இருந்தது. எத்தனையோ வீட்டுக்கு அவரோடு வந்த மனிதர். அரை மூட்டைக்கெல்லாம் தலையாட்டியவர்.

"மேஸ்திரி, உன்னை நான் எப்படி வச்சிருக்கேன். போடுய்யா கீழ."

மேஸ்திரி கைப்பிடியைப் பார்த்தார். காலடியில் பின்னிக் கிடந்த கம்பியைப் பார்த்தார். கால் போவதற்கு முந்தினநாள்வரை அந்த அண்ணன் கட்டியது. அவர் குனிந்தார். வரிசையில் தனக்குக் கீழே இருந்த கையில் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"பயமாத்தான் இருக்கு, மொதலாளி" என்றார். "இதுக்குக் கீழ நின்னு கம்பம் உருவ அதைவிடப் பயமா இருக்கு."

கைப்பிடி கையிலிருந்து கைக்கு இறங்கி வந்தது. இப்போது பழக்கத்தால் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கணம் இறுகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். விலா ஒடிந்தவனும் எழுந்து வாங்கிக் கொடுத்தான். கடைசியில் அண்ணியிடம் வந்து நின்றது.

"ஒரு போனு போட்டா லாரி லாரியா ஆளு வரும்" என்றார் காண்ட்ராக்டர். போட்டும்விட்டார்.

"வரட்டும்" என்றாள் அண்ணி. "வர்றவனும் கீழ நின்னுதானே கம்பம் உருவணும்? சொல்லிப் பார்ப்போம்."

வெயில் ஏறுவதற்குள் தெருமுனையில் லாரி திரும்பும் சத்தம் கேட்டது. கட்டை, இரும்பு மோதும் ஓசையும் சேர்ந்து கேட்டது. மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். வரிசை வளைந்து மிஷினைச் சுற்றி நின்றது, தோளோடு தோள் உரச. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. ஒரு கதவு மட்டும் சாத்தலாமா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, திறந்தே இருந்தது.

அண்ணி முந்தானையைக் கிழித்து நாத்தனாரிடம் நீட்டினாள். சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வாயைத் தொடைச்சுக்கடி. பேச வேண்டியது இன்னும் நிறைய இருக்கு."

லாரியின் பின்கதவு விழுந்தது. அவர்களின் முதுகுக்குப் பின்னால், டிரம்முக்குள், அந்த வீட்டில் விழுந்த முதல் முழு மூட்டை மெல்ல இறுகிக்கொண்டிருந்தது.