பதினேழாம் நம்பர் பெட்டி

சோஃபா மாடிப்படியின் வளைவில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அதை மறுபடி மேலே ஏற்றச் சொன்னான் வெண்டெல். கீழ்ப்பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தவன் அவன் காதலி பெர்னடெட்டின் தம்பி ரோலண்ட். லாரியும் அவனுடையது, முதுகுவலியும் அவனுடையது. மேல்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டிய வெண்டெல், ஒரு கையை சோஃபாவுக்கும் ஒரு கையைப் போனுக்கும் கொடுத்துவிட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தான். நான் கீழே என் கம்பளக் கடையின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். குடியிருப்பவன் காலி செய்யும்போது வீட்டுக்காரன் கதவைப் பிடிப்பது மரியாதைக்காக அல்ல. சுவரில் கீறல் விழுந்தால் அது யாருடைய கீறல் என்று அப்போதே தெரிந்துகொள்ளத்தான்.

"விலாசத்தைப் பூட்டிட்டாங்க," என்றான் வெண்டெல். "இனிமே மாத்த முடியாதாம். பெட்டி இங்கதான் வரும். நான் போக முடியாது."

ரோலண்ட் சோஃபாவை மெதுவாகப் படியில் இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து, ஒரு சிகரெட்டை எடுத்தான். கம்பளக் கடையில் நெருப்பு கூடாது என்றேன். இது கடை இல்லை, படி என்றான். அதுவும் சரிதான்.

டொலீடோவில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கம்பளம் விற்கிறது. விலை கேட்டுவிட்டு வாசல்வரை போனவரைத் திரும்ப உள்ளே கூப்பிடுவதில் என் அப்பா மன்னன். அவரே கண்டிராத வியாபாரம் ஒன்றை வெண்டெல் மூலமாகத்தான் நான் கற்றேன். போர்ட்லேண்டில் ஐந்து பேர் சேர்ந்து 'சாம்பல் துறைமுகம்' என்று ஒரு கணினி விளையாட்டு செய்யப்போவதாகச் சொல்லி, ஊர் உலகத்திடமெல்லாம் முன்பணம் திரட்டினார்கள். வாள் தூக்கி, மந்திரம் படித்து, மூன்று ராஜ்யங்களுக்கு நடுவில் நாம் ஒரு ஆளாக வேஷம் கட்டி அலைகிற விளையாட்டு. கொஞ்சம் கொடுத்தால் விளையாட்டு மட்டும். கூடக் கொடுத்தால் வீட்டுக்கு ஒரு பெட்டி வரும்: துணியில் அச்சடித்த வரைபடம், ஈயத்தில் வார்த்த டிராகன், தோல் அட்டை போட்ட ராஜ்ய வரலாறு. விளையாட்டு எப்போதோ கணினிக்கு வந்து சேர்ந்து, வெண்டெல் அதை நான்கு முறை முடித்தும் விட்டான். பெட்டிதான் வரவில்லை. ஆற்றில் கிடக்கிற எருமைக்குக் கரையில் விலை பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பிறக்காத எருமைக்குக் காசு வாங்கி, அது தாமதமாகப் பிறப்பதற்கு மாதாமாதம் காரணம் எழுதி, அந்தக் காரணத்துக்கு நன்றியும் வாங்குகிறவர்களை இவர்களிடம்தான் பார்த்தேன். ஒரு தடவை டிராகனின் வால் அச்சில் உடைகிறது என்றார்கள். இன்னொரு தடவை துணியின் நீலம் கடலின் நீலமாக இல்லை என்றார்கள். வெண்டெல் அந்தக் கடிதத்தை என்னிடம் படித்துக் காட்டி, எவ்வளவு அக்கறை பாருங்க சாபா அண்ணே என்றான். நான் அன்றைக்கே ஒரு வாடிக்கையாளரிடம், உங்கள் கம்பளத்தின் சிவப்பு இன்னும் மாதுளைச் சிவப்பாக வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

பெட்டியைவிட முக்கியம் அதன்மேல் அடித்திருக்கப்போகிற எண். பணம் கட்டிய வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். வெண்டெல் பதினேழு. அறிவிப்பு வந்த காலையில், தண்ணீர் வாரியத்துக்கு மீட்டர் பார்க்கப் போகிற வழியில், யாரோ ஒருவருடைய வேலியோரம் நின்று போனிலேயே பணம் கட்டியவன் அவன். இந்த ரசிகர்கள் கூடிப் பேசுகிற இணையத்திண்ணையில் நான்காயிரத்துச் சொச்சம் நம்பர்காரன் ஏதாவது உளறினால், பதினேழு வந்து ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கிவிடுவானாம். நேரில் யாரும் வெண்டெல் சொல்லி அடங்கி நான் பார்த்ததில்லை. அவன் வீட்டு நாய் செத்ததுகூட அவன் பேச்சைக் கேட்காமல் ரோட்டைக் கடந்ததால்தான்.

பெர்னடெட் ஒரு மேசை விளக்கைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்படியில் வந்து நின்றாள். பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்கிறவள். எதிராளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது பேசிப் பழகியவள் என்பதால், பொதுவாக நிதானமாகத்தான் பேசுவாள். வெண்டெலோடு இரண்டு வருஷப் பழக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு வந்துவிடு என்று அவள் போன கோடையில் கேட்டாள். இவன் இந்தக் கோடையில் சரி என்றான்.

எனக்கும் அந்த மாடி காலியாக வேண்டியிருந்தது. கம்பளம் அடுக்க இடமில்லை. ஆகவே வியாபாரி புத்தியோடு நடுவில் புகுந்தேன். நீ போ, உன் பேரைத் தபால்பெட்டியில் அப்படியே விட்டு வைக்கிறேன், பெட்டி வந்தால் நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறேன், ஒரு காசு வேண்டாம் என்றேன். ஒரு காசு வேண்டாம் என்று நான் சொன்னதுதான் அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

"நீங்க வித்துருவீங்க அண்ணே."

"சேச்சே," என்றேன். பிறகு கேட்டிருக்கக் கூடாது, ஆனால் நாக்கு அப்பாவுடையது: "எவ்வளவுக்குப் போகும்?"

ரோலண்ட் சிரித்தான். பெர்னடெட் சிரிக்கவில்லை. விளக்கை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"விலாசம் மாத்த எத்தனை நாள் குடுத்தாங்க?" என்றாள்.

வெண்டெல் போனைப் பார்த்தான். கோடை முழுக்க என்றான்.

"கோடை முழுக்க நீ என் வீட்டுக்கு வர்றதாத்தானே பேச்சு. அப்ப என் விலாசத்தை ஏன் போடல?"

படியில் இருந்த நான்கு பேரில் பதில் தெரிந்தவர்கள் நான்கு பேர். வெண்டெலின் முதல் மனைவி கோரினை எனக்கும் தெரியும். பிரிந்த கையோடு, இதே மாதிரி வேறொரு விளையாட்டின் பெட்டி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் அதை வாசலில் போட்டு, பழைய இரும்பு வாணலியோடும் குழாய்களோடும் சேர்த்து விற்றாள். வாங்கியவர்கள் வரைபடத்தைத் தங்கள் நாய்க்கு மேலங்கியாகத் தைத்துப் போட்டார்கள். ஒரு ராஜ்யமே முதுகில் படர அந்த நாய் ஒரு குளிர்காலம் முழுக்க அதே தெருவில் நடந்தது, வெண்டெல் மீட்டர் பார்க்கிற தெரு. அதற்குப் பிறகு, வாடகை தன் பேரில் இல்லாத எந்த விலாசத்துக்கும் அவன் ஒரு சாமானும் வரவழைத்ததில்லை. இந்தக் கதையைச் சொல்லி பெர்னடெட்டே பலமுறை சிரித்திருக்கிறாள். அதில் தனக்கும் ஒரு வேடம் ஒதுக்கப்பட்டிருப்பது படியில் நின்ற அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, சோஃபாவின் கைப்பிடிமேல் கால் வைத்து ஏறி, தம்பியைத் தாண்டி இறங்கிப் போனாள். ரோலண்டும் போனான். லாரியில் ஏற்கெனவே ஏற்றியிருந்த மெத்தை, பாத்திரம், வெண்டெலின் குளிர்காலத் துணி எல்லாம் கூடவே போயின. சோஃபா மட்டும் படியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வெண்டெல் அதில்தான் படுத்தான், தலை ஒரு படி மேலே, கால் ஒரு படி கீழே.

நான்கு நாள் பொறுத்தேன். பிறகு ஆற்றைத் தாண்டிப் போனேன். கையில் ஒரு சின்னக் கம்பளத்தோடு போனேன், பேச்சு சரிவராவிட்டால் அதையாவது விற்றுவிட்டு வரலாம் என்று. பெர்னடெட் காபி கொடுத்தாள். வெண்டெல் நல்லவன், கொஞ்சம் பயந்தவன், பெட்டி வந்ததும் தானாக வந்துவிடுவான் என்று அடுக்கினேன். அவள் என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொழில் பழக்கம்.

"பெட்டிக்காக அவன் காத்திருக்கட்டும் அண்ணே, நான் குறை சொல்லல. எத்தனை வருஷமானாலும் அந்த அஞ்சு பேர் ஏமாத்த மாட்டாங்கன்னு நம்புறான்ல? அந்த நம்பிக்கையில கால்வாசி எனக்கு வச்சானா? பெட்டி எங்க வருதோ அதுதான் அவன் வீடு. இங்க வரட்டும், அவனும் வரட்டும்."

இது நியாயமான விலை. குறைத்துக் கேட்க எனக்கே வாய் வரவில்லை. கம்பளத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன், கிட்டத்தட்ட அடக்க விலைக்கு.

வெண்டெல் கம்பெனிக்கு எழுதினான். இங்க்ரிட் என்று ஒரு பெண், ரசிகர்களின் புலம்பலுக்குப் பதில் சொல்வதற்காகவே வைத்திருப்பவள், மிக இனிமையாகப் பதில் போட்டாள். விலாசம் பூட்டியது பூட்டியதுதான். ஒரே வழி, பழைய பதிவை ரத்து செய்துவிட்டு, வரிசையின் கடைசியில் புதிதாகச் சேர்வது. பெட்டி கிடைக்கும், பதினேழு போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் 'பனிக்கரை' பேச்சு வந்தது. அதே விளையாட்டுக்கு ஒரு விரிவாக்கம்: புதுத் தீவு, புதுக் கதை. ரசிகர்கள் ஆளுக்கொரு கனவு கண்டார்கள். ஒருவருக்கு மீன் பிடிக்க வேண்டும், ஒருவருக்குக் குதிரை வேண்டும், ஒருவர் கெட்ட ராணியைக் கல்யாணம் செய்துகொள்ள வழி கேட்டு மாதக்கணக்கில் மன்றாடினார். விரிவாக்கத்தையும் அதே பெட்டியில் வைப்பதா, தனியாக அனுப்புவதா என்று கம்பெனி வாக்கெடுப்பு வைத்தது. ஒரே பெட்டி என்றால் எல்லாம் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பூட்டு திறக்கும், எல்லோரும் விலாசம் மாற்றலாம். வெண்டெல் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேர்தலில் இறங்கினான். தாமதமே தர்மம் என்று எழுதினான். அலமாரியில் உயரம் வேறான இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எப்படியிருக்கும், யோசியுங்கள் என்று எழுதினான். வருஷக்கணக்காகப் பெட்டி எங்கே என்று கத்திக்கொண்டிருந்த ஜனம், பதினேழாம் நம்பரே கட்சி மாறிவிட்டான் என்று பாய்ந்தது. சஸ்கட்டூனிலிருந்து ஒருவன் உண்மைக் காரணத்தைக் கறந்துவிட்டான். அப்புறம் ஆளாளுக்கு ஆலோசனை. பெண்கள் நிறைய இருக்கிறார்கள், பதினேழு ஒன்றுதான் என்றான் ஒருவன். டூசானிலிருந்து ஒரு அம்மாள் மட்டும், எனக்கு நம்பர் ஒன்பது, எட்டு வருஷமாக அந்தப் பெட்டிக்கென்று ஒரு காலி அலமாரியைத் துடைத்து வைக்கிறேன், துடைக்கும்போது பக்கத்தில் நின்று கிண்டல் செய்யத்தான் ஆள் இல்லை என்று எழுதினாள்.

தேர்தலில் வெண்டெல் தோற்றான்.

முடிவு வந்த மத்தியானம் கடைக்குள் வந்து, என் கல்லா மேசையில் போனை வைத்தான். ரத்து செய்கிற பொத்தான் சிவப்பாக இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரிசையில் முன்னால் நிற்பதன் விலை தெரிந்தவனால் அதைப் பார்க்க முடியாது. அவன் அழுத்திவிட்டு, புதுப் பதிவில் விலாசம் என்கிற இடத்தில் நின்றுவிட்டான். இரண்டு வருஷம் வாராவாரம் போய் வந்த வீட்டின் கதவு எண் அவனுக்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கிற மீட்டரெல்லாம் மனப்பாடம், அந்த வீடு மட்டும் மஞ்சள் கதவு என்றுதான் தெரியும்.

பெர்னடெட்டுக்குப் போன் போட்டான். ஒலிபெருக்கியில் அவள் குரல், பின்னால் ஏதோ ஒரு பல் ராவுகிற சத்தம். உன் வீட்டு நம்பர் என்ன என்றான். எதற்கு என்றாள். சொல்லு என்றான். ராவுகிற சத்தம் நின்றது. பிறகு ஒவ்வொரு எண்ணாக, நோயாளியிடம் வாய் கொப்பளிக்கச் சொல்கிற அதே நிதானத்தில் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகத் தட்டினான். ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று புது நம்பர் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. மாலை ரோலண்ட் வந்தான். சோஃபாவின் கால்களைக் கழற்றினால் வளைவில் திரும்பிவிடும் என்பது அன்றைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் தோன்றியது.

மூன்று வாரம் கழித்து கம்பெனி ஒரு கடிதம் போட்டது. டிராகனின் இறக்கையில் ஒரு சிக்கல். ஆகவே வாக்கெடுப்பு எப்படியிருந்தாலும் பனிக்கரையையும் சேர்த்து ஒரே பெட்டியாக அடுத்த கோடையில் அனுப்புகிறோம், பூட்டைத் திறந்துவிட்டோம், யார் வேண்டுமானாலும் விலாசத்தை மாற்றிக்கொள்ளலாம், நம்பர் மாறாது. வெண்டெல் அதை என்னிடம் காட்டி, ரொம்ப அக்கறை அண்ணே என்றான். இந்த முறை குரலில் கொஞ்சம் சுருதி குறைவு. காலி செய்யப்பட்ட பதினேழை இங்க்ரிட் வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டாளாம். சஸ்கட்டூன்காரனுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை பெர்னடெட்டின் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி சொன்ன கோடை வந்து, பாதி போயும்விட்டது. வாசலில் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வெண்டெல் தட்டில் முட்டைக்கோஸ் உருண்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பனிக்கரையில் மீன் பிடிக்கலாம் என்பது உறுதியாகிவிட்டது, குதிரை பற்றி மட்டும் கம்பெனி வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். குதிரை இல்லாத தீவில் அவ்வளவு தூரம் எப்படி நடப்பது என்று கேட்டவள் பெர்னடெட். கேலியாகக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. வெண்டெல் நிமிர்ந்தான்.

"அது நம்மது இல்ல," என்றாள் பெர்னடெட், பார்க்காமலே. "பெட்டி கொண்டு வர்ற வண்டிக்கு பிரேக் கீச்சுன்னு கத்தும். இது ரொட்டி வண்டி."

ரொட்டி வண்டிதான். போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எவன் பெட்டி கொண்டு வரப்போகிறான் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தெருவின் அந்தக் கோடியில் ஏதோ ஒன்று கீச்சென்று கத்தியது. வெண்டெல் கையில் உருண்டையோடு அப்படியே இருந்தான். பெர்னடெட் தட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு புல்லிலுமாக நடைபாதைவரை போய், வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்து, வீட்டு எண்களைப் பார்த்துப் பார்த்து மெதுவாக ஊர்ந்து வருகிற அந்த வண்டியை நோக்கி, மற்ற கையை உயரத் தூக்கி ஆட்டத் தொடங்கினாள்.