நெஞ்சு உயரத்துக் கவுன்ட்டர்

புதிய காவல் நிலையத்தின் வரைபடத்தை விரித்ததுமே தலைமை அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. அதை வரைந்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் பழைய நிலையத்தின் பெஞ்சில் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அங்கே வருகிறவர்களின் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கவுன்ட்டர் இருந்தது. வீட்டுக்குள் நடந்த அசிங்கத்தைக்கூட அதற்கு மேலே எக்கி, நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். ஒரு பெண் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கிழிந்த உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

அதனால்தான் புதிய வரைபடத்தில் கவுன்ட்டரைச் சாதாரண மேஜை உயரத்துக்கு இறக்கி, இரு பக்கமும் நாற்காலி போட்டிருந்தாள். வாசலை ஒட்டி, தனியாகப் பேசக் கதவு வைத்த ஓர் அறை. பின்பக்கம், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோடு, போலீஸ்காரர்கள் சற்று நேரம் அமைதியாக உட்கார இன்னோர் அறை.

"ஸ்டேஷன்னா ஒரு பயம் இருக்கணும்மா," என்றார் அதிகாரி.

"யாருக்கு சார்? திருடனுக்கா, பறிகொடுத்தவனுக்கா?"

அவர் விரலைப் பின்பக்க அறையின்மேல் வைத்தார். இது எதற்கு என்று கேட்டார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மனதை ஆற்றிக்கொள்ள என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ்காரன் அழுவான் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

அவள் வரைபடத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள். சொன்னவன் அவளுடைய தம்பி. பழைய நிலையத்தில் காவலராக இருந்தான்; அப்போது கதவருகே விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. விபத்தில் இறந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்த அன்று, வேறு இடமில்லாமல் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். என் பேரை மட்டும் இழுத்துவிடாதே என்று காலையில்கூடக் கெஞ்சியிருந்தான்.

"நான்தான் சார் சொன்னேன்," என்றது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். "அக்காகிட்ட. அழுததும் நான்தான்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பார்வையை வரைபடத்துக்குத் திருப்பி, அந்த அறை இருந்துவிட்டுப் போகட்டும் என்று முனகினார். ஆனால் கவுன்ட்டர் உயரமாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படியானால் என் கையெழுத்து இல்லாமல் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவள் எழுந்துவிட்டாள். அவள் வேலை பார்த்த கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் முதலாளிக்குப் போன் பறந்தது. முதலாளி அவளைத் தாஜா செய்தார், பிறகு மிரட்டினார். அவள் அசையவில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் வேலை நகராது என்பதால் வரைபடம் வரைந்தபடியே ஒப்புதலாகித் திரும்பி வந்தது.

தம்பியைப் போக்குவரத்துப் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். மேலிடத்தில் முறையிடப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோது அவன் தடுத்தான்.

"வெயில்ல நின்னா கறுத்துப் போவேன், அவ்வளவுதானே? என் கதையை விடுக்கா. அந்தக் கவுன்ட்டரை மட்டும் ஒரு இஞ்ச்கூட ஏத்த விட்றாத."

கட்டடம் முடியும் தறுவாயில் அவள் உள்ளே நுழைந்தால், கவுன்ட்டர் பழையபடி நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. தச்சர் தலையைச் சொறிந்தார். அந்தத் தலைமை அதிகாரி வந்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"வரைபடத்துல எவ்வளவு இருக்கு?"

"இதவிட ஒன்றரை அடி கம்மிதாம்மா. ஆனா அவரு கோவிச்சுக்குவாரே."

"கோவிச்சா என்கிட்ட அனுப்புங்க. இப்ப அறுங்க."

தச்சர் ரம்பத்தை எடுத்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கடைசிப் பலகை கீழே விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.