பச்சைத்தண்ணீர்ப் பக்கம்

மூத்த மருமகளுக்கு அந்த வீட்டில் இருந்த சொத்துகளிலேயே பெரியது மாமனார் வைத்த பட்டப்பெயர்தான். டாக்டரம்மா. கல்யாணமாகி வந்த புதிதில் கோழிக் கொட்டகை வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள்தான் அவளும். பிறகு என்ன ஆனதோ, கொட்டகை அவளுக்குப் பிடித்துப்போனது. எந்தக் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறது, எதன் பின்பக்கம் ஈரமாக ஒட்டிக் கிடக்கிறது என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். மருந்துக் கடையில் விற்கும் ஆன்டிபயாடிக் பொடியைத் தண்ணீரில் கலக்கி வைப்பாள். அடுத்த நாளே குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தீவனத்துக்கு ஓடும். "எங்க டாக்டரம்மா இருக்கிற வரைக்கும் என் கோழி தும்மக்கூட யோசிக்கும்" என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அவள் எதுவும் கேட்காதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு, காது குளிரக் கேட்பாள்.

அப்புறம் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவளுக்குக் கால்நடை நோய் ஆய்வகத்தில் வேலை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, வாயைத் திறந்தால் மரியாதை. அவள் வந்த வாரமே ஒரு சாயங்காலம் மாமனார் கூடத்தில் இருந்தபடி, "டாக்டரம்மா, டீ குடிச்சியாம்மா?" என்று கேட்டார். "இப்பதான் மாமா குடிச்சேன்" என்று அடுப்படியிலிருந்து மூத்தவள் குரல் கொடுத்தாள். எட்டிப் பார்த்தால், அவர் சின்னவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாவம், மனிதர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவள் வெறும் 'பெரியவ' ஆகிப்போனாள். வயிறு எரிந்தது என்றால் சும்மா எரியவில்லை, கொழுந்துவிட்டு எரிந்தது. சின்னவள் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டால் அதன் வெள்ளை கண்ணை உறுத்தியது. சின்னவள் சத்தம் வராமல் தண்ணீர் குடித்தால் அதுவும் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண் 'அக்கா, அக்கா' என்று காலையே சுற்றி வந்தாள். அது இன்னும் மோசம். சண்டைக்காரியாக இருந்தாலாவது நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் கொட்டகையில் கழிச்சல் நோய் தலைகாட்டியது. பழைய நோய்தான். ஆனால் இப்போதெல்லாம் பொடி கலக்கி வைத்தாலும் குஞ்சுகள் எழுந்து நிற்க நாளாயிற்று. சில எழுந்திருக்கவே இல்லை. "கம்பெனிக்காரன் கலப்படம் பண்றான் மாமா" என்று பெரியவள் அடித்துச் சொன்னாள். சின்னவளோ கொல்லையில் நின்ற கொய்யா மரத்து இலைகளைப் பறித்து நிழலில் உலர்த்த ஆரம்பித்தாள்.

அந்த மரம் பெரியவள் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். அதுவும் இப்போது கட்சி மாறிவிட்டது.

உலர்ந்த இலையைப் பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, ஸ்பிரிட்டை ஆவியாகப் போகவிட்டால் அடியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு சாறு மிஞ்சுமாம். அதையும் ஆய்வகத்திலிருந்து ஒரு மூடி போட்ட கண்ணாடித் தட்டையும் சின்னவள் கொண்டுவந்து காட்டினாள். வீட்டுக் கொட்டகைக் கழிச்சலிலிருந்து எடுத்த கிருமியைத் தட்டு முழுக்க வளர்த்திருந்தாள். சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தது.

"இந்த வட்டத்துக்குள்ள கிருமி பிழைக்கல மாமா. தட்டுல நடந்தது கோழி வயித்துலயும் நடக்குதான்னு பார்க்கணும். நடந்தாதான் மேலிடத்துல வேலையைத் தொடர விடுவாங்க. இல்லன்னா இதோட மூட்டை கட்டிடுவாங்க."

"தாராளமா பாரும்மா" என்றார் மாமனார். "கடைசிக் கொட்டகையை எடுத்துக்க."

"மூணா தடுக்கலாம்னு இருக்கேன். ஒரு பக்கம் கொய்யாச் சாறு, ஒரு பக்கம் அக்காவோட பொடி, ஒரு பக்கம் வெறும் தண்ணி. மூணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாதான் நியாயம்."

"என் கோழியைக் கூறு போடாதே" என்று பெரியவள் பட்டென்று சொன்னாள். "சாறும் தண்ணியும் போதும். என் பொடியை இழுக்காதே."

உண்மை என்னவென்றால், தன் பொடியைச் சின்னவளின் கசாயத்தோடு ஓடவிட்டுப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. தோற்றுவிட்டால்? வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. கொட்டகைக்கு நடுவே கம்பிவலை கட்டினார்கள். இந்தப் பக்கம் சாறு கலந்த தண்ணீர். அந்தப் பக்கம் பச்சைத்தண்ணீர். காலையில் வேலைக்குப் போகும் முன் சின்னவள் தன் பக்கத்துக்கு ஊற்றிவிட்டுப் போவாள். பச்சைத்தண்ணீர்ப் பக்கம் பெரியவள் பொறுப்பு.

சின்னவளின் வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும், பெரியவள் அந்தப் பச்சைத்தண்ணீரில் தன் பொடியைக் கலந்தாள்.

'வாயில்லா ஜீவன். நோயில கிடக்கிறதுக்கு வெறும் தண்ணி வைக்கச் சொல்றாளே, இவளுக்கு மனசு இருக்கா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஓடிய கணக்கு வேறு. பச்சைத்தண்ணீர் குடித்தவையும் பிழைத்துவிட்டால், சாற்றுக்கு என்ன பெருமை? தண்ணீரே போதுமே! சின்னவள் மூக்கு உடைபட்டு ஆய்வகத்துக்குத் திரும்புவாள். கூடத்திலிருந்து மாமனார் 'டாக்டரம்மா' என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் இருப்பாள்.

ஆனால் குஞ்சுகளுக்கு இவள் கணக்குத் தெரியவில்லை. சாற்றுப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. எச்சம் கெட்டியாயிற்று. தீவனத் தொட்டி சீக்கிரமே காலியாயிற்று. பொடிப் பக்கத்தில் காலையில் போனால் மூலையில் ஒரு குவியல் அசையாமல் கிடக்கும். பெரியவள் பொடியைக் கூட்டினாள். மறுநாள் இன்னும் கூட்டினாள். தண்ணீர் நிறம் மாறிவிடுமோ என்று பயந்து பயந்து கலக்கினாள். செத்தவற்றைச் சாக்கில் அள்ளும்போது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. எல்லாம் அவள் கையில் வளர்ந்தவை. அழுதுகொண்டே வலைக்கு அந்தப் பக்கம் துள்ளுகிற குஞ்சுகளைப் பார்த்தாள். அவற்றின் மீதும் பொறாமை வந்தது. கோழிக்குஞ்சின் மீது பொறாமைப்பட்ட பிறகு ஒரு மனுஷி இன்னும் எவ்வளவு கீழே போக முடியும்? போனாள்.

ஒரு சாயங்காலம் சின்னவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடி வந்தாள். சாக்கைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"பச்சைத்தண்ணியக் குடுத்தே கொன்னுட்டே பாரு" என்றாள் பெரியவள். "உன் படிப்புக்கு இதுங்க உசுருதான் கிடைச்சுதா?"

சின்னவள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள். தோள் குலுங்குவது தெரிந்தது. பெரியவளுக்கு அன்று இரண்டு வேளைச் சோறு ஒரே வேளையில் இறங்கியது.

அடுத்த விடுமுறை நாள் மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். புருஷன்மார் இருவரும் தீவன வண்டியோடு வெளியூர் போயிருந்தார்கள். சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"மேலிடத்துல ஒத்துக்கல மாமா" என்றாள் மெதுவாக. "வெறும் தண்ணியைவிட நல்லா இருக்குன்னா அதுல என்ன அதிசயம், வழக்கமான மருந்தைவிட நல்லா இருக்கான்னு கேட்கிறாங்க. எங்கிட்ட பதில் இல்ல. இந்த மாசத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்க."

பெரியவள் தலையைத் தூக்கவில்லை.  ஜெயித்துவிட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

மாமனார் ஆறுதல் சொல்ல நினைத்தார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான். "போனா போகுது விடும்மா. ஒரு விதத்துல அவங்க கேட்கிறதும் நியாயம்தான். நம்ம பெரியவ மட்டும் அந்தப் பக்கத்துக்குப் பொடி போட்டிருந்தா ஒண்ணுகூட செத்திருக்காது. அவ கைராசி அப்படி. சும்மாவா டாக்டரம்மான்னு பேர் வெச்சேன்?"

எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை! அது வந்து இலவசமாகத் தட்டில் விழுந்தது. பெரியவளால்தான் அதை விழுங்க முடியவில்லை. போட்டாள், செத்தன. அவள் ஒருத்திக்குத் தெரியுமே.

அப்படியும் அவள் சும்மா இருந்திருப்பாள். பொய்ப் பட்டமானாலும் பட்டம்தானே என்று மனசு சமாதானத்துக்கு வந்துகொண்டிருந்தது. கெடுத்தவள் சின்னவள்தான். நிமிர்ந்து பெரியவளைப் பார்த்து, கொஞ்சமும் கள்ளம் இல்லாமல் சொன்னாள்.

"ஆமா மாமா. அக்கா பொடி போட்டிருந்தா பிழைச்சிருக்கும். நான் வெறும் தண்ணி வெச்சு அத்தனையையும் கொன்னுட்டேன். கண்ணை மூடினா அந்தச் சாக்குதான் தெரியுது."

பெரியவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டாள், மரத்தையும் பிடுங்கிக்கொண்டாள். இப்போது நல்லவள் என்கிற பெயரும் இவளுக்கேவா? செத்த குஞ்சுகளுக்காகத் துக்கப்படுகிற உரிமைகூட இவளுக்கேவா?

"போட்டேன் மாமா" என்றாள்.

"என்னத்தை?"

"பொடியை. அந்தப் பக்கத்துக்கு, தினமும், இவ வேலைக்குப் போனதும். சாகச் சாக இன்னும் கூட்டிக் கூட்டிப் போட்டேன். அது பச்சைத்தண்ணியே இல்ல. என் மருந்தைக் குடிச்சுட்டுத்தான் செத்துச்சு. இவ ஒண்ணையும் கொல்லல."

மாமனாரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பெரியவள் திட்டு விழும் என்று காத்திருந்தாள். திட்டட்டும். சின்னவள் கத்தட்டும், கோட்டை வீசி எறியட்டும், அழுது ஆர்ப்பாட்டம் பண்ணட்டும். ஒரு தடவையாவது அவளும் தன்னைப் போல ஒரு சாதாரணப் பெண்பிள்ளையாக நடந்துகொள்ளட்டும்.

சின்னவள் இடது கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏன்க்கா?"

"உன்னைக் கண்டா எனக்கு வயிறெரியுது. அதான்."

 சின்னவள் சொன்னாள். "இதை வெச்சு நான் மேலிடத்துல ஒண்ணும் காட்ட முடியாது. தெரியாம கலந்தது கணக்குல சேராது. ஆனா அந்தப் பொடியை இந்தக் கிருமி மதிக்கலன்னு இப்ப நமக்குத் தெரியுது. ஒவ்வொரு தும்மலுக்கும் போட்டுப் போட்டு அதுக்குப் பழகிப்போச்சு. இன்னொரு தடவை கேட்டா விடுவாங்க. மூணு பக்கமா தடுத்து, எல்லாருக்கும் தெரியிற மாதிரி செய்யணும். பொடிப் பக்கம் உங்க கையாலதான் ஊத்தணும். வேற யார் ஊத்தினாலும் கை சரியில்லைன்னு மாமா சொல்லிடுவாரு."

தன் கையாலேயே ஊற்றி, தன் கண் முன்னாலேயே தோற்கச் சொல்கிறாள். மாட்டேன் என்று சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். எதிரே சின்னவள் சோற்றை உருட்டி வாயில் வைத்துவிட்டாள். எத்தனை நாள் பசியோ, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"மெதுவா தின்னு. விக்கிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு, பெரியவள் எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். சின்னவள் செம்பை எடுத்தாள். அண்ணாந்து குடிக்கும் முன், ஒரு கணம், உள்ளே எட்டிப் பார்த்தாள்.