எழுதாமல் போன ஒரு சுற்று

எழுபத்தாறு வயதிலும் ஓட்டிஸ் கிரேடிக்குத் தலை நிறைய முடி. டெல்மர் ஹஸ்கின்ஸ் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஹார்லோ விமானத்திடலின் பழைய கொட்டகைக்கு முன்னால் ஒரு கூட்டமே சூழ்ந்து நிற்க, ஓட்டிஸ் நடுவில் நின்று கதை அளந்துகொண்டிருந்தான். டெல்மர் வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினான்.

“நிக்கிறதப் பாரு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி,” என்றான் மனைவி வெல்மாவிடம்.

“நீயும் போய் நில்லேன். யாரு வேணாங்கறா?”

“அவன் பக்கத்துல நானா? அதுக்கு வேற ஆளப் பாரு.”

“காலங்காத்தாலேயே ஆரம்பிக்காத டெல்மர். கோழி ஆறிடும், கூடையத் தூக்கு.”

பொரித்த கோழிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நாற்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் இதே திடலுக்கு இதே மாதிரி ஒரு கூடையோடுதான் வந்தார்கள். அப்போது கூடை வெல்மாவின் மடியில் இருந்தது, அவள் டெல்மரின் ஹட்சன் காரின் முன்சீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற கார்தான் அது. அறுபது மைல் ஓட்டிக்கொண்டு வந்து, முன்விளக்குகளில் டேப்பை ஒட்டி, கதவு திறந்துகொள்ளாமல் இடுப்பு பெல்ட்டால் கட்டி, தன்னையும் சீட்டோடு கயிற்றால் கட்டிக்கொண்டு பந்தயத்தில் இறங்க வேண்டியது. முடிந்த பிறகு வண்டியில் ஏதாவது மிச்சமிருந்தால் அதிலேயே வீட்டுக்குப் போக வேண்டியது. இப்போது டிவியில் ஓடுகிறவற்றை டெல்மர் கார் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. நாலு சக்கரம் வைத்த விளம்பரப் பலகை என்று சொல்லிவந்தான். இந்த ஒரு விஷயத்தில் ஓட்டிஸும் அதையேதான் சொல்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

அந்த 1955ஆம் வருடப் பந்தயம் வழக்கமானதல்ல. ஜார்ஜியா மாநிலத்துப் பையன்கள் அதுவரை ஓட்டியதெல்லாம் வட்டமான செம்மண் தடத்தில். அதில் இடது, இடது, மறுபடி இடது. அவ்வளவுதான் வித்தை. விமானப்படை காலி செய்துவிட்டுப் போன ஓடுபாதையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, சாலை மாதிரி இப்படியும் அப்படியும் வளைகிற இரண்டு மைல் தடம் ஒன்றை யாரோ போட்டுவிட்டார்கள். வலது பக்கமும் திரும்ப வேண்டும் என்றதும் பாதிப் பேருக்குக் கை கால் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் இடது பக்கம் ஒடித்து வைக்கோலுக்குள் புகுந்தவர்கள் ஏழு பேர். டெல்மர் மட்டும் அதற்கு முன்னால் ஒரு மாதம் மாமனாரின் மாட்டுக் கொல்லையில் வலது பக்கமாகவே சுற்றிப் பழகியிருந்தான். மாடுகள் பால் கறக்க மறுத்தன, மாமனார் பேச மறுத்தார். ஆனால் பந்தயத்தன்று வலது பக்கம் வளைவதில் அவனை அடிக்க ஆளே இல்லை.

கொடி அசைத்ததும் அவனுக்குத்தான். கோப்பையைக் கையில் கொடுத்ததும் அவனுக்குத்தான். அரை மணி நேரம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான், பச்சைப் பிள்ளையைப் போல. பிறகு நடுவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

காரணம் சுற்று எண்ணுகிற முறை. அந்தக் காலத்தில் மெஷின் ஏது? ஒவ்வொரு ஓட்டுநரும் தன் வண்டிக்கு எண்ணுகிற ஆளைத் தானே கூட்டிவர வேண்டும். மனைவியோ, தங்கையோ, கட்டிக்கப்போகிறவளோ வருவாள். அவர்களை ஒரு லாரியின் தளத்தில் வரிசையாக உட்கார வைத்து, எதிரில் பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். தன் வண்டி கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரம் காட்டுகிற நேரத்தை அட்டையில் எழுத வேண்டும். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. ஐம்பது சுற்றுக்கு ஐம்பது வரி. கொடி என்ன சொன்னாலும் சரி, கடைசியில் அட்டை சொல்வதுதான் வேதவாக்கு.

ஓட்டிஸுக்கு அவன் தங்கை எழுதிய அட்டையில் ஐம்பது வரி இருந்தது. வெல்மாவின் அட்டையில் நாற்பத்தொன்பது.

“இடையில ஒரு சுற்று விட்டுப்போயிருக்கே, வண்டி தாண்டினத நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டார்கள்.

“பார்க்கல. பென்சில் முனை உடைஞ்சிடுச்சு. குனிஞ்சு வேற பென்சில் தேடினேன்,” என்றாள் வெல்மா. கோப்பை ஓட்டிஸ் கைக்குப் போனது.

பென்சில் உடைந்ததாம்! டெல்மர் அதை ஒரு நாளும் நம்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சனிக்கிழமை வெல்மா அந்த ஓட்டிஸோடு நடனமாடியிருக்கிறாள். ஊருக்கே தெரியும். அவள் கண் அன்றைக்கு எங்கே போயிருக்கும் என்று அவனுக்கு ஒரு சந்தேகம். நாற்பத்துநான்கு வருடமாக அதை வயிற்றில் கட்டிக்கொண்டு அலைந்தான். ஆனால் இரண்டாவது தடவை அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

இன்றைக்கு அந்தப் பந்தயத்தின் நினைவாகப் பித்தளைப் பலகை ஒன்றைக் கொட்டகைச் சுவரில் பதிக்கப் போகிறார்கள். ‘முதல் பரிசு: ஓட்டிஸ் கிரேடி’ என்று பொறித்த பலகை மேஜைமேல் பளபளவென்று கிடந்தது. விழாவை நடத்துகிற டார்லீன் நல்ல பெண். அவளுடைய அப்பாவே அன்றைக்குப் பிறந்திருக்கமாட்டார். டெல்மரைக் கூட்டிப்போய் முன்வரிசையில், ஓட்டிஸுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

ஓட்டிஸ் மைக்கைப் பிடித்துப் பழைய கதைகளை எடுத்துவிட்டான். சக்கரம் கழன்று தனியாக ஓடி ஷெரீஃபின் காரை முந்திய கதை. ரேடியேட்டர் ஓட்டையை வாயிலிருந்த சூயிங்கத்தால் அடைத்த கதை. அந்தச் சூயிங்கம் கதை டெல்மருடையது! அதையும் எடுத்துக்கொண்டுவிட்டான் பாவி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெல்மாவும் சிரித்தாள். டெல்மர் எண்ணினான், மூன்று தடவை.

“அதுல என்ன சிரிப்பு வேண்டியிருக்கு?”

“சிரிப்பு வந்தா சிரிக்கிறதுதான்.”

“என் வாயிலிருந்த சூயிங்கம் அது.”

“அப்போ நீயும் சிரி.”

பலகையை மாட்ட இரண்டு பேர் திருப்புளியோடு எழுந்தபோது ஓட்டிஸ் கையை உயர்த்தினான். அவன் குரல் இறங்கிவிட்டது.

“கொஞ்சம் பொறுங்க. போன குளிர்காலத்துல டாக்டருங்க என் நெஞ்சத் திறந்து தச்சாங்க. அங்க படுத்திருந்தப்போ ஒரு விஷயம் என்னை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்தப் பந்தயத்துல நான் ஜெயிக்கல. நடுவுல சூடு தாங்காம வண்டிய ஓரங்கட்டினேன். நான் மறுபடி கிளம்பறதுக்குள்ள டெல்மர் என்னைத் தாண்டிப் போனான். அதுக்கப்புறம் நான் அவன் பின்பக்கத்தைக்கூடப் பார்க்கல. அட்டையில ஏதோ தப்பு நடந்துபோச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும், வாய மூடிக்கிட்டு கோப்பைய வாங்கிட்டேன். டெல்மர், மன்னிச்சுடுப்பா.”

  டெல்மர் இத்தனை வருடம் கனவில் கேட்ட வார்த்தைகள். ஆனால் கனவில் அவற்றை ஓட்டிஸ் இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை. பார், இதிலும் அவன்தான் நல்ல பெயர் வாங்குகிறான்! பின்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் பித்தளையில் தன் பெயர் வரும் என்ற நினைப்பே டெல்மருக்கு நாக்கில் தித்தித்தது. அது வேண்டும் அவனுக்கு. வேறு எதுவுமே வேண்டாம், அது போதும்.

டார்லீன் ஓடிவந்து வெல்மாவின் முன்னால் குனிந்தாள். “வெல்மாம்மா, அந்த அட்டைய எழுதினது நீங்கதானே? மேடைக்கு வந்து ஒரு சுற்று விட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. எப்படி விட்டுப்போச்சுன்னும் சொல்லுங்க, ஜனங்க ஆசையாக் கேப்பாங்க. வேற பலகை செஞ்சுடலாம், டெல்மர் ஐயா பேர்ல.”

“சொல்லு, போய்ச் சொல்லு,” என்று டெல்மர் அவளைத் தோளில் தட்டினான். “பென்சில் உடைஞ்சத சொல்லு.”

வெல்மா எழவில்லை. டார்லீன் மைக்கைச் சரிசெய்யப் போகும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம் அவன் பக்கம் சாய்ந்தாள்.

“போறேன். ஆனா பென்சில் கதைய அங்க சொல்ல மாட்டேன். எனக்கு எழுபத்தோரு வயசு, பாதிரியார் அதோ உக்காந்திருக்கார். மேடையில ஏறிப் பொய் சொல்ல என்னால முடியாது.”

“அப்போ… பென்சில் உடையலையா?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

 கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனால் வாய் அதுபாட்டுக்குக் கேட்டுவிட்டது. “பின்ன என்ன ஆச்சு?”

“அவன் வண்டிய ஓரங்கட்டினான்னு சொன்னான்ல. நாங்க உக்காந்திருந்த லாரிக்கு எதிர்லதான் நிறுத்தினான். இறங்கி, சட்டையக் கழட்டி வீசிட்டு, ஒரு வாளித் தண்ணிய எடுத்து அப்படியே தலையில ஊத்திக்கிட்டான். பார்த்தேன்.”

“பார்த்தே?”

“பார்த்தேன் டெல்மர். லாரியில இருந்த பொம்பளைங்க எல்லாருந்தான் பார்த்தாங்க. நிமிர்ந்தா உன் வண்டி போயிருந்துச்சு. அதான் நடந்தது. அதை அப்படியே சொல்லிடறேன். வயசான காலத்துல எனக்கென்ன வெக்கம்?”

அவள் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். டெல்மர் மேடையைப் பார்த்தான். ஓட்டிஸ் அங்கேதான் நின்றான், உயரமாக, பணிவாக. அவள் மைக்கில் சொல்லப் போகிறாள். நூறு பேர் கேட்கப் போகிறார்கள். ஓட்டிஸ் கேட்கப் போகிறான்! தண்ணீர் சொட்டச் சொட்டத் தான் நின்றதை என் பெண்டாட்டி கண் கொட்டாமல் பார்த்தாள் என்று அந்தத் தடியன் தெரிந்துகொள்ளப் போகிறான். மீதி நாளெல்லாம் அந்தச் சந்தோஷத்திலேயே வாழ்வான், சாகும்போதுகூட அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே சாவான்.

டெல்மர் வெல்மாவை முந்திக்கொண்டு மேடைக்குப் போனான். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அட்டை சரிதான்,” என்றான் மைக்கில். “என் பொண்டாட்டி ஒரு சுற்றுகூட விடல. ஓட்டிஸுக்கு நெஞ்சத் தச்சப்போ மூளையும் கலங்கிடுச்சு போல.”

ஓட்டிஸ் வாயைப் பிளந்தான். “யோவ், என்னய்யா சொல்றே? நீதானே…”

“நான்தான் தப்புப் பண்ணினேன். இந்தக் கொட்டகைகிட்ட வலது பக்கம் திரும்பணும். பழக்கதோஷம், இடது பக்கம் ஒடிச்சுட்டேன். கொட்டகைக்குப் பின்னால புகுந்து, கோட்டைத் தாண்டாமலே சுத்தி மறுபடி தடத்துல ஏறிட்டேன். அந்தச் சுற்று கணக்குல வராது. அவமானமா இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லல. ஜெயிச்சது ஓட்டிஸ்தான். பலகைய மாட்டுங்க.”

 பின்னால் இருந்த கிழவன் ஒருவன், “மாட்டுக் கொல்லையில ஒரு மாசம் பழகினியேடா, டெல்மரு!” என்று கத்தினான். திடலே சிரிப்பில் அதிர்ந்தது. வெல்மாவிடமிருந்து ஓட்டிஸ் வாங்கிய மூன்று சிரிப்பும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. “இடதுகை டெல்மர்!” என்று யாரோ பெயர் வைத்தார்கள். அது நிலைத்துவிடும் என்று டெல்மருக்கு அப்போதே தெரிந்தது. வலது பக்கம் திரும்பத் தெரிந்த ஒரே ஆள் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

ஓட்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. குழம்பிப்போய் டெல்மரையே பார்த்தான். குழம்பட்டும், நன்றாகக் குழம்பட்டும்.

“எதுக்கு அப்படி ஒரு பொய்யச் சொன்னே?” என்றாள் வெல்மா, அவன் வந்து உட்கார்ந்ததும். “உன் பேரு வந்திருக்கும், பைத்தியக்காரா.”

“வந்திருக்கும். கூடவே அவன் குளிச்ச கதையும் வந்திருக்கும்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

“எவ்வளவு நேரம் பார்த்தே?” என்றான் டெல்மர். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தான்.

“எனக்கென்ன தெரியும்? நீ சுத்தி வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சேன். மத்தவன் எல்லாம் வர்ற வேகத்த வச்சுதான் நெனச்சேன். நீ அதுக்குள்ள வந்து போயிட்டே. அவ்வளவு வேகமா எவன் ஓட்டுவான்?”

 அவள் வாயால் அதைக் கேட்க டெல்மர் எத்தனை வருடம் ஏங்கியிருப்பான்! கேட்டாயிற்று. இனி அதை ஒரு ஜீவனிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

சுவரில் பலகையை முடுக்கி முடித்தார்கள். ஓட்டிஸ் கிரேடியின் பெயர் வெயிலில் மின்னியது. எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். வெல்மாவும் எழுந்து தட்டினாள். டெல்மர் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

“போதும்,” என்றான். “நீ தட்டினது போதும்.”