ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி முதல்

ஸ்ரீபெரும்புதூரில் வக்கீல் யதுகிரியின் அறை வாசலில் ஒரே ஒரு பெஞ்சுதான். அதன் ஒரு முனையில் கவிப்பிரியா, மறு முனையில் அவள் புருஷன் சுபாஷ். நடுவில் ஒரு சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள் அவள். கார்களுக்கு வயர் கட்டும் லைனில் எட்டு வருஷம். டேப்பின் பிசின் விரலிடுக்கில் கறுப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“சாப்ட்டியா?” என்றான் சுபாஷ்.

“கேன்டீன்ல.”

அதோடு பேச்சு முடிந்தது. சண்டை போட்டுப் பிரிகிறவர்களாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை வந்திருக்கும். இவர்களுக்குச் சண்டை போடக்கூட நேரம் வாய்க்கவில்லை. அவன் எழுந்து போன பாயின் சூட்டில் இவள் வந்து படுப்பாள். ஆறு வருஷம் அப்படியே ஓடிற்று. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்த ஒரு பொங்கலன்று, பேச ஒன்றுமில்லாமல் இருவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே தெரிந்துவிட்டது.

யதுகிரி உள்ளே கூப்பிட்டு விவாகரத்து ஒப்பந்தத்தின் வரைவை வாசித்தார்.

“பீரோவ அவளுக்கே எழுதுங்க மேடம். அவ சம்பாதிச்சு வாங்கினது” என்றான் சுபாஷ்.

“மிக்ஸி அங்கியே இருக்கட்டும். புள்ளைக்கு சட்னி அரைக்கணும்” என்றாள் கவிப்பிரியா.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்தார். “குழந்தை சுபஸ்ரீ அப்பாகிட்ட. சரிதானேம்மா?”

கவிப்பிரியா மறுபடி விரலிடுக்கைச் சுரண்டினாள். அப்படிச் சொன்னதே அவள்தான். அவனுக்கு ஜெனரல் ஷிப்ட், பகல் வேலைதான். வடக்குப்பட்டு வீட்டில் அவன் அக்கா சசிரேகா இருக்கிறாள். இவள் போகப்போவதோ ஆறு பேர் படுக்கும் ஹாஸ்டல் ரூமுக்கு.

“நைட் ஷிப்ட் போறப்ப புள்ளைய யாராண்ட வுட்டுட்டுப் போவேன் மேடம்?”

“அப்போ நீங்க குழந்தையைப் பார்க்கிற நாள்?”

“என் வீக் ஆஃப் அன்னிக்குன்னு போடுங்க.”

“கோர்ட்ல கிழமை கேப்பாங்கம்மா. நாளைக்கு ஒரு தகராறுன்னா கிழமைதான் பேசும்.”

“ஞாயித்துக்கிழமை போடுங்களேன். புள்ளைக்கும் லீவு, இந்த மாசம் அவளுக்கும் ஞாயிறுதான்” என்றான் சுபாஷ்.

“அடுத்த மாசம்?” என்று கேட்டார் வக்கீல்.

ஆஃப் மாசத்துக்கு ஒரு கிழமை தள்ளிப்போகும். கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஒரகடம் ரோட்டில் அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஞாயிறு நிரந்தர ஆஃப்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார் யதுகிரி.

கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் சிரித்தே விட்டான். “லெட்டரா? நீ கம்பெனி ஆளே கெடயாது, கம்பெனில எப்டி குடுப்பான்? நான் குடுக்கலாம்னா, ஆஃப் போடறது நான் இல்ல.”

“எட்டு வருஷமா அதே லைன்லதாண்ணா நிக்கறேன்.”

“நின்னுக்கினு இரு. யாரு வேணான்னா?”

பக்கத்தில் நின்று வயர் கட்டும் தங்கமாரிதான் வழி சொன்னாள். “இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? அடுத்த மாசம் எனக்கு ஞாயிறு. அத நீ எடுத்துக்க, உன் திங்கக்கிழமைய எனக்குக் குடு. அதுக்கடுத்த மாசம் வேற எவளாவது கெடைக்காமலா போவா? நாம மாத்திக்காததா?”

மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம்தான். வருகைப் பதிவுக்கு ஒருத்தி கார்டை இன்னொருத்தி தேய்ப்பாள். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் பாண்டுரங்கன் கண்டுகொள்ள மாட்டான். அந்தத் தைரியத்தில், லெட்டர் இல்லாமலே பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீலிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை. நடுவில் யாரும் வந்து பிள்ளையைக் கூட்டிப் போய்விடக் கூடாதென்று, நகல் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் அவள்தான்.

நாலு ஞாயிறு நல்லபடியாகப் போயிற்று. மாசம் பிறந்தபோது, கார்டு தேய்க்கும் இடத்தில் முகம் பார்க்கும் மிஷின் வந்திருந்தது. அந்த ஞாயிறு காலை ஹாஸ்டலில் தலைக்குக் குளித்துவிட்டு நின்றவளுக்குத் தங்கமாரியிடமிருந்து போன்.

“கவி, மிஷின் என்ன உள்ள வுட மாட்டுதுடி. இன்னிக்கு எனக்கு ஆஃபுன்னு சிவப்பு லைட்டு எரியிது. நீ வரலன்னா உன்ன நிறுத்திடுவானாம். ஓடியா!”

ஈரத் தலையோடு ஓடினாள். அந்த ஞாயிறு போயிற்று, அடுத்ததும் போயிற்று. “புள்ள பாவாடை கட்டிக்கினு பஸ் ஸ்டாப்ல நிக்கறா. கூப்ட்டா, இன்னும் ரெண்டு பஸ் பாக்கலாம் அத்தைன்றா” என்று சசிரேகா சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் வடக்குப்பட்டுக்குப் போய்ப் பார்த்தாள். டியூஷன் முடிந்து ஏழரைக்கு வந்த பிள்ளை, சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிப்போயிற்று. அதன் தலைமாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

மூன்றாவது ஞாயிறும் லைனிலேயே போயிற்று. மறுநாள் மதியம் பள்ளிக்கூட கேட்டில் போய் நின்றாள். வாட்ச்மேன் உள்ளே போய் விசாரித்துவிட்டு, அந்த நகலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஞாயித்துக்கிழமைன்னு போட்டுக்கீதேம்மா.”

“ஞாயித்துக்கிழமை ஸ்கூலே கெடயாதேண்ணா.”

“அது எனக்கும் தெரியும். அவங்கப்பாவ ஒரு போன் பண்ணச் சொல்லு, வுட்டுடறேன்.”

சுபாஷின் போன் அவன் கம்பெனி லாக்கரில் இருக்கும். லைனுக்குள் எடுத்துப்போக விடமாட்டார்கள். தெரிந்தும் நாலு தடவை அடித்துப் பார்த்தாள். மணி மட்டும் போயிற்று.

சாப்பாட்டு பெல் அடித்தது. கூட்டத்திலிருந்து சுபஸ்ரீ அவளைப் பார்த்துவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு ஓடிவந்தாள்.

“அம்மா! இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?”

கவிப்பிரியா கம்பிக்குள் கையை விட்டுக் கன்னத்தைத் தொட்டாள்.

“ஆமாண்டா கண்ணு.”

“அப்ப இரு, பேக் எடுத்துக்கினு வரேன்.”

மறுபடி பெல் அடித்தது. பிள்ளைகள் வரிசை வரிசையாக வகுப்புக்குள் போனார்கள். சுபஸ்ரீ பையை முதுகில் மாட்டி, தண்ணி பாட்டிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். கேட்டை ஒட்டி நின்று பூட்டைப் பார்த்தாள். பிறகு, திறப்பதற்கு வசதியாக ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.